மூச்சுக்காற்றை அளத்தல்

கோடை விடுமுறையில் மைசூருவிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டில் உள்ள பாட்டி வீட்டிற்குச் சென்றிருப்பீர்கள். அந்த வீட்டில் பழைய அடுப்படி இன்னும் இடிக்கப்படாமல் இருந்தால் அதன் சுவரை உற்றுப் பாருங்கள். அடுப்புக்கு நேர்மேலே சுவர் கருத்திருக்கும். கூரையின் உட்புறத்தில் உள்ள மூங்கில்கள் கரிய மெழுகு பூசியவை போல மின்னும். விரலால் தொட்டால் விரலில் கரி ஒட்டும். பல ஆண்டுகள் விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிந்தெழுந்த புகையில் ஒரு பகுதி அங்கே படிந்திருக்கிறது. ஒரு பகுதி ஓட்டு இடுக்குகளின் வழியே வெளியே சென்றுவிட்டது. இன்னொரு பகுதி, அடுப்பின் முன் அமர்ந்து ஊதுகுழலால் நெருப்பை ஊதியவரின் நெஞ்சுக்குள் சென்றது. அந்தப் பகுதி எவ்வளவு? நெடுங்காலம் அதை எவரும் அளந்து பார்க்கவில்லை.

இப்போது மைசூருவுக்குத் திரும்புவோம். ராமாபுரத்தில் வாழும் ஒரு மாணவி, காலையில் தன் தந்தையின் கைப்பேசியில் ‘சமீர்’ என்னும் செயலியைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சமீர் என்னும் வடசொல்லுக்குக் காற்று என்பது பொருள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்களுக்கு அளித்துள்ள செயலி இது. மைசூரு என்னும் பெயருக்கு எதிரே ஓர் எண் தோன்றுகிறது. அதற்கு ஒரு நிறமும் உண்டு. அந்த எண் எங்கே பிறந்தது? மைசூருவின் ஹெப்பாள் முதல் ஸ்டேஜ் பகுதியில் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி அளவீட்டு நிலையம் ஒன்று உள்ளது. அந்த நிலையத்தின் கருவிகள் உறிஞ்சிய காற்றைப் பற்றிய எண் அது. மாணவியின் வீட்டு வாசலில் வீசும் காற்றைப் பற்றியதோ, அவள் நடந்துசெல்லும் சாலையைப் பற்றியதோ அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த எண் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் காண்போம்.

வடிதாளும் தராசும்

காற்றின் மாசை அளப்பது என்றால் பெரிய மாயம் ஏதோ நிகழ்கிறது என்று எண்ண வேண்டா. அடிப்படையில் அது மளிகைக்கடைக் கணக்குதான். காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து, பொருளை இட்டபின் மீண்டும் நிறுத்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழிக்கிறோம் அல்லவா? அதேபோல மெல்லிய வடிதாள் ஒன்றை நுண்தராசில் நிறுக்கிறார்கள். பின்பு அதை ஒரு கருவியில் பொருத்தி, விசைக்குழாயால் அந்தத் தாளின் ஊடே காற்றை இழுக்கிறார்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை எடுத்து மீண்டும் நிறுக்கிறார்கள். கூடியுள்ள எடை, காற்றில் மிதந்த துகள்களின் எடையாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கருவி ஒரு மணி நேரத்தில் 1 கனமீட்டர் காற்றை இழுக்கிறது என்று கொள்வோம். ஒரு நாளில் 24 கனமீட்டர். வடிதாளின் எடை 1.2 மில்லிகிராம் கூடியிருந்தால், அது 1200 மைக்ரோகிராம். 1200ஐ 24ஆல் வகுத்தால் 50. ஆகவே அன்றைய காற்றில் ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் துகள் இருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய எடையை நிறுக்கும்போது தாள் உறிஞ்சிய ஈரம்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் நிறுப்பதற்கு முன் வடிதாளை, வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறையில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப்போவதைக் கண்ட எவருக்கும் இது விளங்கும்.

தானியங்கி நிலையங்களில் ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து தாளை மாற்ற வேண்டியதில்லை. அங்கே நீண்ட நாடா போன்ற வடிதாள் சிறிது சிறிதாக நகரும். துகள் படிந்த இடத்தின் வழியே பீட்டா கதிர்களைச் செலுத்துவார்கள். படிவு தடிப்பாக இருந்தால் குறைந்த கதிரே மறுபுறம் வரும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு எடையை மணிக்கு ஒருமுறை கருவியே கணித்துவிடும்.

எல்லாத் துகள்களும் ஒரே அளவினவும் அல்ல. 10 மைக்ரானும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவற்றைப் பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவற்றைப் பி.எம். 2.5 என்றும் வழங்குவர். பின்னதை நுண்துகள் என்று இப்பாடத்தில் குறிப்போம். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானது நுண்துகள். சாலைப் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். தும்மலும் இருமலும் அதை வெளியேற்றும். நுண்துகளோ மூச்சுக்குழலின் கிளைகள் அனைத்தையும் கடந்து, உயிர்வளி இரத்தத்தில் கலக்கும் நுண்ணறைகள் வரை சென்றுவிடும். ஆகவே அதன் தீங்கு நுரையீரலோடு நிற்பதில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் அதன் விளைவுகளில் அடங்கும். 2013ஆம் ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

எண்ணுக்குள் மறைந்திருப்பது

நம் நாட்டின் தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2014ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வகைத் துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் ஆகிய எட்டு மாசுகளையும் இக்குறியீடு கருத்தில் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 500 வரை மதிப்பெண் இடப்படுகிறது. ஆனால் பள்ளியில் செய்வதுபோல இங்கே சராசரி எடுப்பதில்லை. எந்த மாசின் மதிப்பெண் மிக அதிகமோ அதுவே ஊரின் குறியீடு. ஏழு மாசுகள் அடக்கமாக இருந்து ஒன்று மட்டும் எல்லை மீறினாலும், அந்த ஒன்றையே கணக்கில் கொள்வர். இந்த விதி நல்ல விதி. ஏனெனில் நச்சுப்புகையைச் சுவாசிப்பவருக்குச் சராசரியால் ஆறுதல் இல்லை.

குறியீடு 50க்குள் இருந்தால் ‘நன்று’. 51 முதல் 100 வரை ‘நிறைவு’. அதற்கு மேல் நான்கு படிகள் ஏறி, 401க்கு அப்பால் ‘மிகக் கடுமை’ என முடிகிறது. ‘நிறைவு’ என்னும் சொல்லைக் கண்டவுடன் நாம் நிறைவடைந்துவிடுகிறோம். இங்கே சற்று நிற்க வேண்டும். 24 மணி நேரச் சராசரியில் நுண்துகள் கனமீட்டருக்கு 45 மைக்ரோகிராம் இருந்தால், நம் குறியீட்டில் அதற்கு 75 மதிப்பெண், அதாவது ‘நிறைவு’. நம் நாடு 2009இல் வகுத்த தரத்தின்படி ஒரு நாளுக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 15ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரே காற்று, ஒரே வடிதாள், ஒரே எடை. ஓர் அளவுகோல் நிறைவு என்கிறது. மற்றோர் அளவுகோலின்படி அது மும்மடங்கு. இதனால் முன்னது பொய் என்று ஆகிவிடாது. நுரையீரல் எதைத் தாங்கும் என்பதோடு, நாடு எதை நிறைவேற்ற முடியும் என்பதையும் எண்ணியே ஒவ்வோர் அரசும் எல்லை வகுக்கிறது. எல்லைக் கோடு அறிவியலின் முடிவு மட்டுமன்று. அது ஓர் அரசியல் முடிவும் ஆகும்.

நோய்க்குக் காரணம் புகைதான் என்று எப்படித் தெரியும் என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. குளிர்காலத்தில் புகையும் கூடும், சளியும் கூடும். எது எதனால் வந்தது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஜெனீவா என்னும் பெயருடைய எஃகு ஆலை இயங்கிவந்தது. தொழிலாளர்க்கும் நிருவாகத்துக்கும் ஏற்பட்ட பிணக்கினால் 1986 ஆகஸ்டு முதல் 1987 செப்டம்பர் வரை அது மூடப்பட்டது. ஆர்டன் போப் என்னும் பேராசிரியர், அப்பகுதி மருத்துவமனைகளின் பதிவுகளை எடுத்து, ஆலை இயங்கிய குளிர்காலங்களையும் இயங்காத குளிர்காலத்தையும் ஒப்பிட்டார். குளிர் அதே குளிர். மக்கள் அதே மக்கள். மாறியது புகை மட்டுமே. ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சியாலும் ஆஸ்துமாவாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. 1989இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அடுப்படிக்குள் சென்ற கருவி

யூட்டாவில் புகைக்கு ஒரு புகைபோக்கி இருந்தது. அதை எல்லாரும் கண்டார்கள். நம் ஊர்களில் புகை வேறோர் இடத்தில் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கருவிகள் தொழிற்பேட்டையிலும் நாற்சந்தியிலும் கட்டடங்களின் மாடியிலும் நின்றன. காற்று மாசைத் தடுக்க 1981இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஆலைகளையும் வாகனங்களையுமே முதன்மையாகக் கருதியது. அடுப்படி எவர் கண்ணிலும் படவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிவியலாளர், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து குஜராத்தின் நான்கு சிற்றூர்களுக்குச் சென்றார். சமைக்கும் பெண்கள் 36 பேர் உள்ளிழுக்கும் காற்றை, அவர்கள் உடலிலேயே பொருத்திய சிறு கருவிகளால் அளந்தார்கள். அடுப்பு எரியும் நேரத்தில் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிகிராம், அதாவது 7000 மைக்ரோகிராம் துகள் இருந்தது. இது எல்லா அளவுத் துகள்களையும் சேர்த்த எண். சமைக்கும் நேரத்திற்கு மட்டும் உரியது. ஆகவே முன்பு கண்ட நாளெல்லைகளோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. ஆயினும் அன்று எந்த நகரத்தின் சாலையோரக் கருவியும் காட்டாத எண் அது. 1983இல் அந்த முடிவு வெளிவந்தது. கருவி இரண்டு மீட்டர் இடம் மாறியதும் உண்மையும் இடம் மாறிவிட்டது.

இந்த வழியில் தமிழ்நாட்டில் நெடுங்காலம் உழைத்துவருபவர் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன். சென்னை, போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். விறகடுப்பு எரியும் வீடுகளில் எந்த அறையில் எவ்வளவு துகள் இருக்கிறது, சமைப்பவர் எவ்வளவு சுவாசிக்கிறார், சமைக்காமல் அடுத்த அறையில் இருப்பவர் எவ்வளவு சுவாசிக்கிறார் என்று அவருடைய குழுவினர் வீடு வீடாக அளந்தனர். அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த ஒரு கணிப்பு, 2017ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசினால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 12.4 இலட்சம் என்று கூறியது. அவற்றுள் வெளிக்காற்றின் துகள்களால் நேர்ந்தவை 6.7 இலட்சம், வீட்டு அடுப்பின் புகையால் நேர்ந்தவை 4.8 இலட்சம். எவர் கண்ணிலும் படாத அடுப்படியின் பங்கு எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

அவருடைய குழுவினரின் மற்றோர் ஆய்வு, இன்னும் பிறக்காதவர்களைப் பற்றியது. தமிழ்நாட்டின் ஊரகத்திலும் நகரத்திலும் வாழ்ந்த, கருவுற்ற பெண்கள் 1285 பேர் அதில் பங்கேற்றனர். அவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவையும், பிறந்த குழந்தைகளின் எடையையும் ஒப்பிட்டனர். கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் 2 விழுக்காடு உயர்ந்தது. 2018இல் வெளியான முடிவு இது. 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் விறகடுப்பு வீட்டுக்கும் எரிவாயு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு 10 மைக்ரோகிராமோடு நிற்பதில்லை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் விறகடுப்பை எடுத்துவிட்டு எரிவாயு அடுப்பைக் கொடுத்தால் குழந்தையின் எடை கூடுமா? ஊகிப்பதோடு நில்லாமல் செய்தே பார்த்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், நாட்டுக்கு 800 பேராகக் கருவுற்ற பெண்கள் 3200 பேரைச் சேர்த்தனர். இந்தியாவில் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சிற்றூர்கள். அவ்வூர்களைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவும் விலையின்றி வழங்கப்பட்டன. மறுபாதியினர் வழக்கம்போல விறகிலேயே சமைத்தனர். மேலாடையோடு இணைந்த பையில் சிறு கருவியை வைத்துக்கொண்டு, பெண்கள் ஒரு நாள் முழுவதும் தம் வேலைகளைச் செய்தனர். வடிதாள் இப்போது மூக்கின் அருகிலேயே வந்துவிட்டது.

அளவீட்டின் முடிவு தெளிவாக இருந்தது. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம். எரிவாயுவில் சமைத்தவர்களுக்கு அது ஏறத்தாழ 24. ஆனால் 2022இல் வெளியான மற்றொரு முடிவை எவரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு குழுவினருக்கும் இடையே இருந்த வேறுபாடு 20 கிராம் அளவே. தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடு அது. இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பின் இப்படி ஒரு விடை வந்தால் அதை மூடிவைக்கத் தோன்றும். ஆய்வாளர்கள் அதை அப்படியே அச்சிட்டனர். ஆய்வில் சேரும்போது அப்பெண்கள் கருவுற்று 9 வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய புகையை எவராலும் திருப்பி எடுக்க முடியாது. மேலும், 24 என்பதும் தூய காற்றன்று. ஓர் ஆண்டின் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 5 மட்டுமே. ஒரு வீட்டின் அடுப்பு மாறினாலும் பக்கத்து வீட்டுப் புகையும், குப்பை எரியும் புகையும், சாலைப் புகையும் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை.

எண் ஆணையாக மாறுதல்

அளவீடுகள் ஏட்டிலேயே இருந்துவிடவில்லை. 2016 மே 1ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தின்கீழ், ஏழைக் குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரிலேயே எரிவாயு இணைப்பு வழங்கப்பட்டது. அடுப்படிப் புகையைப் பற்றிய கணிப்புகள் அத்திட்டத்துக்கு வலுச் சேர்த்தன. ஆயினும் இணைப்புக் கிடைப்பது வேறு, சிலிண்டர் தீர்ந்ததும் மீண்டும் வாங்க முடிவது வேறு. முன்பு சொன்ன ஆய்வில் பெண்கள் விறகைக் கைவிட்டதற்கு, எரிவாயு விலையின்றிக் கிடைத்ததும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

தில்லியில் எண்ணுக்கும் ஆணைக்கும் உள்ள தொடர்பை நேராகவே காணலாம். அங்கே குறியீடு 200ஐத் தாண்டினால் முதல் நிலைக் கட்டுப்பாடுகள் தொடங்கும். 400ஐத் தாண்டினால் பல கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படும். 450ஐத் தாண்டினால் கடைசி நிலை. சரக்குந்துகளின் நுழைவுகூடத் தடைப்படும். பள்ளிகளை மூடி இணையவழியில் வகுப்பு நடத்துவதும் இந்த நிலைகளில் நிகழ்ந்துள்ளது.

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. முதலில் 102 நகரங்கள். பின்பு பட்டியல் 131 நகரங்களாக விரிந்தது. கர்நாடகத்தில் பெங்களூரு, தாவணகெரே, ஹூப்ளி–தார்வாடு, கலபுர்கி ஆகியவையும், தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியவையும் அதில் உள்ளன. மைசூரு இல்லை. மைசூருவின் காற்று அந்நகரங்களின் காற்றைவிடத் தூயது என்று மகிழலாம். மகிழ்ச்சிக்கு ஓரளவு காரணமும் உண்டு. ஆனால் பட்டியல் எப்படி உருவானது என்பதையும் அறிய வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தேசியத் தரத்தை மீறிய நகரங்களே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. மீறியது என்று சொல்வதற்கு அங்கே ஒரு கருவி நின்றிருக்க வேண்டும். கருவி இல்லாத ஊர், காற்று எவ்வளவு கெட்டிருந்தாலும் பட்டியலில் ஏற வழியில்லை. பட்டியலில் இல்லாத ஊருக்குத் திட்டத்தின் நிதியும் இல்லை. விழுப்புரத்துச் சிற்றூரின் அடுப்படி எந்த நகரப் பட்டியலிலும் வராது.

செய்து பார்க்க

வெண்ணிற அட்டைத் துண்டுகள் நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் உரூபாய் நாணய அளவுக்கு வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். ஒன்றைப் பேருந்து நிறுத்தத்தின் அருகிலும், ஒன்றைப் பள்ளி வாயிலிலும், ஒன்றை உங்கள் வீட்டுச் சமையலறையிலும், ஒன்றைப் படுக்கையறையிலும் மழைபடாத இடத்தில் பெரியவர்களின் துணையோடு தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்து உருப்பெருக்கியால் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த அட்டை பெரிய புழுதியை மட்டுமே காட்டும், நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுவதும் நாள்தோறும் காலை எட்டு மணிக்குச் சமீர் செயலியில் மைசூருவின் எண்ணைக் குறித்துவாருங்கள். எண்ணுக்கு அருகில் இன்னொரு கட்டம் வரைந்து, அந்நாளில் நீங்கள் அதிக நேரம் இருந்த இடத்தின் பெயரையும், ஹெப்பாள் நிலையத்திலிருந்து அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பதையும் எழுதுங்கள். ஊருக்குச் செல்லும்போது பாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, அவர் சொல்லும் விடைகளை அவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை வயதில் அடுப்பு மூட்டத் தொடங்கினீர்கள்? ஒரு நாளில் எவ்வளவு நேரம் அடுப்பின் முன் இருந்தீர்கள்? எரிவாயு அடுப்பு எந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது?